மூடிய கோயிலைத் திறப்பது எப்படி? – 2020 தந்த பாடம்



2020-ஆம் ஆண்டு மார்ச் மாத நடுவில் பெங்களூரில் ஒன்றன்பின் ஒன்றாக எல்லாக் கதவுகளும் மூடப்பட்டன. மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. ஏப்ரல் 12-ஆம் தேதி வந்த உயிர்ப்புப் பெருவிழாவைக் கிறிஸ்தவக் குடும்பங்கள் வீட்டுக் கூடத்தில், கைப்பேசித் திரைக்கு முன் உட்கார்ந்து கொண்டாடின. பின்னர், ஜூன் 8 முதல் வழிபாட்டு இடங்களைத் திறக்கலாம் என்று மத்திய அரசு அனுமதி அளித்தது. இந்துக் கோயில், மசூதி, மாதா கோயில், குருத்வாரா எல்லாவற்றுக்கும் ஒரே விதிமுறைதான்.

நகரின் கிழக்குப் பகுதியில் உள்ள ஒரு கத்தோலிக்கப் பங்கின் பேரவையில் அப்போது நானும் ஓர் உறுப்பினன். கோயிலை எப்படித் திறப்பது என்று திட்டமிட்ட குழுவில் என்னையும் சேர்த்திருந்தார்கள். அந்தத் திட்டத்தில் எதைச் சரியாகச் செய்தோம், எதில் தவறினோம் என்பதை நம் சங்க இதழில் எழுதுமாறு நண்பர்கள் கேட்டார்கள். கோவிட் தொற்றை உலகளாவிய அவசரநிலை என்று கருதியது முடிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அறிவித்துவிட்டது. இருந்தாலும், மூச்சின் வழியே பரவும் வேறொரு நோய் வராது என்று யார் உறுதி கூற முடியும்? வந்தால் கோயிலுக்கு மட்டுமல்ல, நம் பொங்கல் விழாவுக்கும் ஞாயிறு தமிழ் வகுப்புக்கும் இதே கேள்விகள்தான் வரும்.

முதலில் அரசு என்ன சொன்னது என்று பார்ப்போம். 2020 ஜூன் 4 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட நெறிமுறைப்படி, ஒருவருக்கொருவர் 6 அடி இடைவெளி வேண்டும், முகக்கவசம் கட்டாயம். நுழைவாயிலில் கை சுத்தம் செய்யவும் உடல் வெப்பம் பார்க்கவும் ஏற்பாடு இருக்க வேண்டும். சிலைகளையும் திருநூல்களையும் தொடக் கூடாது. பிரசாதம், தீர்த்தம் கூடாது. பாடகர் குழு கூடாது. வேண்டுமானால் பதிவு செய்த பாடலை ஒலிக்கச் செய்யலாம். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள், 10 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், கருவுற்ற பெண்கள் வீட்டிலேயே இருப்பது நல்லது. இவற்றுக்கு நடுவில், உள்ளே வெளிக்காற்று இயன்றவரை வர வேண்டும், காற்று குறுக்காகப் பாய வழி இருக்க வேண்டும் என்றும் ஒரு வரி இருந்தது. அந்த வரியை எங்கள் குழுவில் யாரும் உரக்கப் படித்ததாக எனக்கு நினைவில்லை.

எங்கள் முதல் கூட்டம் முழுவதும் கை கழுவுவதிலேயே போயிற்று. சானிடைசர் எத்தனை லிட்டர் வாங்குவது, கால்மிதியால் இயங்கும் தாங்கி வாங்குவதா, கையால் அழுத்துவது போதுமா, பூசைக்குப் பூசை பெஞ்சுகளை எதைப் போட்டுத் துடைப்பது, அதற்கு ஆள் யார் என்று இரண்டு மணி நேரம் பேசினோம். தீர்த்தத் தொட்டியை வற்ற விட்டாயிற்று. நற்கருணையை நாவில் வாங்காமல் கையில் வாங்குவது என்று முடிவாயிற்று. சமாதானம் சொல்லிக்கொள்ளும்போது நாம் எப்போதும் கைகூப்புகிறவர்கள். அதில் ஒரு சிரமமும் இல்லை. கூட்டம் முடிந்து எழுந்தபோது பெரிய வேலையை முடித்துவிட்டதாக ஒரு திருப்தி. நாங்கள் பேசிக்கொண்டிருந்த அறையின் சன்னல்களோ, வெளியே வண்டி இரைச்சல் என்பதால், மூடியே இருந்தன!

அதற்கு மூன்று மாதம் முன்பே உலகத்துக்கு ஒரு பாடம் கிடைத்திருந்தது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மவுண்ட் வெர்னன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஸ்கேஜிட் பள்ளத்தாக்குப் பாடகர் குழு என்ற குழுவினர் 2020 மார்ச் 10 அன்று அங்குள்ள ஒரு தேவாலயத்தின் கூடத்தில் பாட்டுப் பயிற்சிக்குக் கூடினார்கள். வாசலில் சானிடைசர் இருந்தது. கைகுலுக்கலையும் தழுவலையும் தவிர்த்தார்கள். வந்தவர்கள் 61 பேர். அவர்களில் ஒருவருக்குச் சளி பிடித்ததுபோல் இருந்தது. இரண்டரை மணி நேரம் பாடினார்கள். அந்த 61 பேரில் 53 பேருக்கு நோய் என்று பின்னர் கணக்கிடப்பட்டது. 33 பேருக்குப் பரிசோதனையில் உறுதியானது, மற்ற 20 பேருக்கு அறிகுறிகளைக் கொண்டு தீர்மானித்தார்கள். இருவர் இறந்தார்கள். ஜெர்மனியில் பிராங்பர்ட் நகரில் ஒரு பாப்டிஸ்ட் சபையினர் மே 10 அன்று நடத்திய ஆராதனைக்குப் பிறகு, சபையாரும் அவர்கள் வீட்டாருமாக 100-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். அவர்கள் இடைவெளி விட்டுத்தான் உட்கார்ந்ததாகச் சொன்னார்கள். ஆனால் முகக்கவசம் இல்லாமல் பாடியிருக்கிறார்கள்.

நாம் மூச்சு விடும்போதே கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய நீர்த்துகள்கள் வெளிவருகின்றன. பேசும்போது அவை கூடுகின்றன. உரக்கப் பேசும்போதும் பாடும்போதும் பல மடங்காகின்றன. பெரிய துளிகள் இரண்டு மூன்று அடிக்குள் கீழே விழுந்துவிடும். நுண்துகள்கள் விழாமல் சாம்பிராணிப் புகை போலக் காற்றில் மிதக்கும். கோயிலில் தூபக்கலசத்தை ஆட்டினால் புகை எங்கே போகிறது என்று பார்த்திருப்பீர்கள். பீடத்தருகே எழும் புகையின் மணம் சில நிமிடத்தில் கடைசி பெஞ்சுக்கு வந்துவிடுகிறது. 6 அடி இடைவெளி அந்தப் புகையைத் தடுக்காது. காற்று வெளியேறினால்தான் புகை வெளியேறும்.

இதை வலியுறுத்தி 239 அறிவியலாளர்கள் 2020 ஜூலையில் ஒரு திறந்த மடல் வெளியிட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் இதைத் தன் பொது அறிவுரைகளில் தெளிவாகச் சொல்ல 2021 ஆகிவிட்டது. அதுவரை உலகமே, எங்களைப் போல, பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தது.

இதைப் படிக்கும்போது நம் ஊரின் பழைய கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. 1898 ஆகஸ்டில் பெங்களூரில் பிளேக் நோய் புகுந்தது. இரயில் வழியே வந்ததாகக் கூறுவர். தண்டு என்று நம் முன்னோர் அழைத்த கன்டோன்மென்ட் பகுதியிலும், பேட்டையிலும் மக்கள் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். வீடுகளுக்கு மருந்து தெளித்தார்கள், மக்களை முகாம்களுக்கு மாற்றினார்கள். அதே 1898-இல் கராச்சியில் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர், பிளேக்கை எலியிடமிருந்து மனிதனுக்குக் கொண்டுவருவது எலியின் உடம்பில் உள்ள தெள்ளுப்பூச்சிதான் என்று கண்டுபிடித்தார். அவர் சொன்னதை உலகம் உடனே ஏற்கவில்லை. பல ஆண்டுகள் சென்றன. எலியும் தெள்ளுப்பூச்சியும்தான் வழி என்று தெளிந்த பிறகு செய்த திட்டம் வேறு மாதிரி இருந்தது. 1910 அளவில் உருவான ஃபிரேசர் டவுனில் எலி புக முடியாதபடி வீடுகளையும் தெருக்களையும் திட்டமிட்டார்கள். இன்று அங்கு குடியிருக்கும் நம் உறுப்பினர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ!

நோய் வரும் வழி தெரிந்த பிறகு திட்டமிடுவது எளிது. எங்கள் கோயிலின் பழைய பகுதி, அந்தக் காலத்துக் கட்டடம். உயர்ந்த கூரை, கூரையடியில் காற்றுப் போக்கிகள், இருபக்கமும் ஆளுயர சன்னல்கள், மூன்று வாசல்கள். கட்டியவர்கள் மின்விசிறியைக் கண்டதில்லை. அதனால் காற்றுக்கு வழி விட்டுக் கட்டினார்கள். பின்னால் வந்த நாங்கள்தான் புறாவுக்குப் பயந்து காற்றுப் போக்கிகளைப் பலகையால் அடைத்தோம், சன்னல்களைப் பெயின்ட் அடித்தே ஒட்டவைத்துவிட்டோம். தச்சர் ஒருவர் இரண்டு நாள் உட்கார்ந்து 14 சன்னல்களில் 11-ஐத் திறந்து கொடுத்தார். புறாவுக்குக் கம்பிவலை போட்டோம். அந்தச் செலவு, சானிடைசருக்கு நாங்கள் ஒதுக்கிய தொகையில் பாதிகூட இல்லை.

காற்று மாறுவதைப் பற்றி ஒரு சிறு கணக்கு. ஒரு கூடத்தின் கன அளவுக்குச் சமமான வெளிக்காற்று உள்ளே வந்தால் அதை ஒரு காற்று மாற்றம் என்பார்கள். புதுக்காற்று பழைய காற்றோடு கலந்துகொண்டேதான் வெளியேறும்; ஆகையால் ஒரு மாற்றத்தில் பழையது முழுவதும் போய்விடாது, 100-க்கு 37 பங்கு தங்கும். இரண்டு மாற்றத்தில் 14 பங்கு, மூன்று மாற்றத்தில் 5 பங்கு. சன்னலெல்லாம் திறந்து, மணிக்கு 6 மாற்றம் நடக்கும் கூடத்தில், இரண்டு பூசைகளுக்கு இடையே அரைமணி நேரம் விட்டால் மூன்று மாற்றம் ஆகிவிடும். முந்தைய கூட்டத்தார் விட்ட மூச்சு அநேகமாகப் போய்விடும். சன்னலை மூடிக் குளிரூட்டியை ஓட விட்டு, மணிக்கு ஒரே ஒரு மாற்றம் நடக்கும் கூடத்தில் அதே அரைமணியில் 60 பங்குக்கு மேல் அப்படியே நிற்கும். அடுத்த பூசைக்கு வருகிறவர்கள் அதைத்தான் சுவாசிப்பார்கள்.

காற்று மாறுகிறதா என்று எப்படி அறிவது? கரியமில வாயுவை அளக்கும் சிறு கருவி கடையில் கிடைக்கிறது. திறந்த வெளியில் அது பத்து லட்சத்தில் ஏறக்குறைய 420 பங்கு என்று காட்டும். நாம் வெளிவிடும் மூச்சிலோ ஏறத்தாழ 40,000 பங்கு. ஆட்கள் நிறைந்த அறையில் அளவு 1,000-ஐத் தாண்டினால், ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் இழுப்பது அதிகமாகிவிட்டது என்று கொள்ளலாம். கூரை விசிறி காற்றைச் சுழற்றுமே தவிர, மாற்றாது. நிற்கும் விசிறியைச் சன்னலருகே வைத்து வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பி ஓட விட்டால் உள்ளே உள்ளதை வெளியே தள்ளும். காசில்லாத சங்கத்துக்கும் இது முடியும்.

இனி, எங்களுக்கு உண்மையிலேயே தலைவலியாக இருந்த விஷயத்துக்கு வருகிறேன். இடமும் நேரமும் சுருங்கியபோது யாருக்கு எவ்வளவு என்ற கேள்வி எழுந்தது.

எங்கள் கோயிலில் 9 அடி நீளமுள்ள 40 பெஞ்சுகள், இருபது வரிசையாக. வழக்கமாகப் பெஞ்சுக்கு ஆறு பேர் என்று 240 பேர் உட்காருவார்கள். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை, பெஞ்சின் இரு முனைகளில் ஒவ்வொருவர் என்றால் 40 பேர்தான். ஒரே வீட்டார் நால்வர் சேர்ந்து உட்காரலாம் என்றால் 80 வரை போகும். சராசரியாக 60 என்று வைத்தோம். முன்பு ஞாயிறு காலையில் நான்கு பூசை: 6 மணிக்குத் தமிழ், 7.30-க்குக் கன்னடம், 9 மணிக்கு ஆங்கிலம், 10.30-க்கு மறுபடி தமிழ். பூசையை 45 நிமிடத்துக்குள் முடித்து, இடையில் அரைமணி காற்றாட விட்டால் ஐந்து பூசை வைக்கலாம். மறையுரை பத்து நிமிடத்துக்குள் முடிந்தாக வேண்டும். இந்த ஒரு விதியைச் சபையார் ஒருமனதாக வரவேற்றார்கள். ஐந்து பூசைக்கும் சேர்த்து 300 பேர். முன்பு வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு.

அந்த ஐந்தில் தமிழுக்கு எத்தனை? ஒருவர் எழுந்து, “தமிழர்களுக்குக் கன்னடமும் தெரியும், இங்கிலீஷும் தெரியும். அவர்கள் எந்தப் பூசைக்கும் வரலாமே, ஒன்று போதும்” என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மொழிச் சிக்கல் நம் நகரத்துக் கோயில்களுக்குப் புதிதும் அல்ல. ஆனால் அந்தப் பேச்சில் ஒரு பிழை இருந்தது. எங்கள் வீட்டில் கன்னடமும் ஆங்கிலமும் தெரிந்தவர்கள் என் பிள்ளைகள். என் அம்மா அல்லர். செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்த தமிழ்க் கிறிஸ்தவர்களால் தோன்றியதாகச் சொல்லப்படும் சிவாஜிநகர் மரியன்னை கோயிலை நினைத்துப் பாருங்கள். இன்று நாம் காணும் கட்டடம் 1882 செப்டம்பர் 8 அன்று அர்ச்சிக்கப்பட்டது. 1973-இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 29-இல் கொடியேறியதும் எல்லாச் சமயத்தாரும் அங்கே திரள்வதை நாம் அறிவோம். 2020-இல் அந்தத் திருவிழா வழக்கமான பெருங்கூட்டமும் ஊர்வலமும் இன்றி அடங்கி நடந்தது. பிழைப்புக்காக வந்த சனங்கள் இந்த ஊரில் தங்கள் தாய்மொழியில் பலர் கூடிப் பேசவும் பாடவும் கிடைத்த முதல் இடங்களில் கோயிலும் ஒன்று. நம் சங்கம் போன்றவை பிறகுதான் வந்தன.

எங்கள் பங்கில் வாக்கெடுப்பு நடத்தவில்லை. அன்பியங்கள்தோறும், அதாவது தெருவாரியான குடும்பக் குழுக்கள்தோறும், எத்தனை குடும்பம், எந்த மொழிப் பூசைக்குப் போகிறார்கள், வீட்டில் 65 தாண்டியவர் எத்தனை பேர் என்று ஒரு பட்டியல் எடுத்தோம். பட்டியல் வந்ததும் வாக்குவாதம் பாதி அடங்கிவிட்டது. தமிழுக்கு இரண்டு, கன்னடத்துக்கு இரண்டு, ஆங்கிலத்துக்கு ஒன்று. ஆங்கிலப் பூசைக்கு வருகிறவர்களில் பலர் கைப்பேசியில் பார்க்க வசதி உள்ளவர்கள் என்பதும் பட்டியலில் தெரிந்தது. சனிக்கிழமை மாலைப் பூசையும் ஞாயிறு கடனுக்குச் செல்லும் என்பதால் அதை மாதம் ஒரு மொழிக்கு மாற்றி மாற்றி வைத்தோம். வசதியான 7.15 மணி எந்த மொழிக்கும் சொந்தமில்லை என்று அதையும் சுழல விட்டோம். ஒவ்வோர் அன்பியத்துக்கும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை முறை வரும். யார் எந்த நாளில் வந்தார் என்று பெயரும் கைப்பேசி எண்ணும் பதிவேட்டில் எழுதினோம். ஒருவருக்கு நோய் என்றால் அன்று உடனிருந்த 60 பேருக்குச் சொல்ல முடிய வேண்டுமல்லவா? வாசலில் பிடித்த வெப்பமானியைவிட இந்தப் பதிவேடு பயன்பட்டது. இந்த நோயில் காய்ச்சல் வருவதற்கு ஓரிரு நாள் முன்பே மற்றவருக்குத் தொற்றக்கூடும். வெப்பமானிக்கு அது தெரியாது.

நாங்கள் தவறியது முதியவர்கள் விஷயத்தில். 65 தாண்டியவர்கள் வர வேண்டாம் என்று தாளில் எழுதி ஒட்டினோம். அத்தோடு பொறுப்பு தீர்ந்ததாக நினைத்தோம். முதல் ஞாயிறன்று 71 வயதுப் பெரியம்மா ஒருவர் வாசலில் வந்து நின்றார். தினமும் 6 மணிப் பூசைக்கு முன்வரிசையில் இருப்பவர். மகன் வேலைக்காக வெளிநாட்டில். தன்னார்வத்தொண்டர் பையன் தடுத்தபோது அவர் சண்டை போடவில்லை. “சரி தம்பி, நான் வெளியேயே நிக்கிறேன், கதவ மட்டும் மூடாதே” என்றார். வெயிலில் 45 நிமிடம் நின்றார்.

அவர் நின்ற இடம்தான் கோயில் வளாகத்திலேயே பத்திரமான இடம் என்பது எனக்கு அன்று இரவு படுக்கும்போதுதான் உறைத்தது. கோயிலை ஒட்டி எங்கள் பங்குப் பள்ளியின் மைதானம் இருக்கிறது. பள்ளிக்கூடம் மூடியிருந்ததால் அது மாதக்கணக்கில் காலியாகக் கிடந்தது. 14 சன்னலுக்கும் காற்று மாற்றத்துக்கும் கணக்குப் போட்ட நாங்கள், கூரையே இல்லாத அந்த இடத்தை நினைக்கவில்லை. அடுத்த வாரம் ஷாமியானா போட்டோம். பக்கவாட்டில் துணி கட்டக் கூடாது என்று பந்தல்காரரிடம் கண்டிப்பாகச் சொன்னோம், கட்டினால் அதுவும் அறைதான். ஒலிபெருக்கி ஒன்று. நாற்காலிகளை 6 அடிக்கு ஒன்றாக, சுண்ணாம்புக் குறி போட்டு வைத்தோம். மழைக்காலமாயிற்றே என்று பயந்தோம். பெங்களூர் மழை பெரும்பாலும் மாலையில் வருவது. காலைப் பூசை இரண்டு மூன்று முறைதான் நனைந்தது. முதியவர்கள் வர வேண்டாம் என்ற அறிவுரை அப்படியேதான் இருந்தது. வந்தே தீருவேன் என்று வருகிறவர்களுக்காவது பந்தலில், காற்று முதலில் படும் பக்கம், முன்வரிசை. வராதவர்களுக்கு அன்பியத்துக்கு ஒருவர் வாரம் ஒருமுறை போன் செய்வது என்று ஏற்பாடு. பேசியதில் பாதி நேரம் பூசையைப் பற்றி இருக்காது. மாத்திரை வாங்க ஆள் உண்டா, மகன் போன் செய்தானா என்பதாகவே இருக்கும்.

பாட்டு விஷயம் கடைசிவரை மனதை உறுத்தியது. வேதநாயகம் சாஸ்திரியார் காலத்திலிருந்து தமிழ்க் கிறிஸ்தவனுக்குக் கீர்த்தனை இல்லாமல் வழிபாடு இல்லை. பதிவு செய்த பாடலைப் போட்டால் சனம் சும்மா இருக்குமா? முதல் சரணத்திலேயே முகக்கவசத்துக்குள் முணுமுணுப்பு தொடங்கி, பல்லவி திரும்பும்போது கோயிலே பாடும். உள்ளே பாட்டே கூடாது என்று வைத்து, பந்தலில் முகக்கவசத்தோடு ஒரே ஒரு பாட்டு, கடைசியில் என்று ஒத்துக்கொண்டோம். அது சரியா என்று இன்றும் எனக்கு உறுதியில்லை. திறந்தவெளி என்பதாலும் மூன்று நிமிடம் என்பதாலும் மனதைத் தேற்றிக்கொண்டோம்.

2021 ஏப்ரல் கடைசியில் இரண்டாம் அலை வந்து கர்நாடகம் மறுபடி முடங்கியது. கோயில்களை மீண்டும் திறக்க ஜூலை ஆயிற்று. அந்த முறை எங்கள் கூட்டம் 40 நிமிடத்தில் முடிந்தது. சானிடைசரைப் பற்றி இரண்டு நிமிடம்; பந்தலைப் பற்றியும் பட்டியலில் யார் யார் இப்போது இல்லை என்பதைப் பற்றியும் மீதி நேரம். அந்த இரண்டாவது வேலைதான் கடினமாக இருந்தது. எங்கள் அன்பியத்தில் மட்டும் நான்கு பெயர்களை அடிக்க வேண்டியிருந்தது.

இப்போது நேர அட்டவணை பழையபடி ஆகிவிட்டது. பெஞ்சுக்கு ஆறு பேர்தான். பந்தல் போன இடத்தில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். சன்னல்களை மட்டும் மறுபடி பெயின்ட் அடிக்க விடவில்லை. கோயில்பிள்ளை காலை ஐந்தரைக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த 11 சன்னல்களையும் திறக்கிறார். மீதி மூன்றுக்கும் தச்சரைச் சொல்லியிருக்கிறோம்.